ழ-வுக்குப் பல் வேண்டாம்

ஐந்தே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்து.
மங்காஃபிலிருந்து ஃபஹாஹீல் வரைக்கும்
என் மகன் என் தோளில் தூங்குவான்.
வாசலில் இறங்கியதும் அவன் என்னை
மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும்.
கூப்பிடுகிறான்.
சில நாள் வீட்டிலும்.

இரண்டாம் வகுப்பு, பி பிரிவு.
முப்பத்தாறு தண்ணீர் பாட்டில்கள்,
தினம் ஆறு மூடியாவது மாறிப்போகும்.
மூன்று பேர் மூடிக்காக அழுவார்கள்.
ஒருவன் காரணமே இல்லாமல் அழுவான்.
அவனிடம்தான் முதலில் போவேன்.
மற்றவர்களுக்கு மூடி போதும்.

பத்தரைக்குத் தமிழ்.
நான்கு பிரிவிலும் பொறுக்கிச் சேர்த்தால்
பதினோரு பேர்.
எங்களுக்கென்று அறை கிடையாது;
நடன டீச்சர் விட்டுத்தரும் நேரத்தில் நடனக் கூடம்.
ஷூவைக் கழற்றிவிட்டு உட்காருவோம்.
சுவர் முழுக்கக் கண்ணாடி.
பதினோரு பேர் இருபத்திரண்டாய்த் தெரிவார்கள்,
அந்த நேரம் மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

ஆறு ஓடுகிறது, என்று வாசித்தேன்.
"யார் மிஸ் அதை நிறுத்துவாங்க?" என்றாள் ஜெசிமா.
அதற்குக் கோர்ட்டெல்லாம் இருக்கிறதடி
என்று சொல்லவந்து
அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அடுத்த பக்கம் மழை.
அன்றைக்குப் பார்த்து வெளியே தூசிக்காற்று,
ஜன்னல் டீத்தூள் போட்டுக் கொதித்த நிறத்தில் இருந்தது.
மளை, என்றார்கள்.
மலை, என்றார்கள்.
ஒருத்தி மயை என்று சொல்லிவிட்டு
தானே சிரித்தாள்.
நாக்கை மடி, மேலே கொண்டுபோ,
எதையும் தொடாதே.
கண்ணாடியில் இருபத்திரண்டு வாய்
குஞ்சுகள் போலத் திறந்தன.

செழியனுக்குத்தான் பாவம்
தன் பெயரே வராது.
ஜூனிலிருந்து செளியன்.
அன்றைக்கு அவன் நாக்கை மடிக்கிற வேகத்தில்
நாளாய் ஆடிக்கொண்டிருந்த முன்பல் தரையில் விழுந்தது.
காலரில் ரத்தம்.
எல்லோரும் கத்தினார்கள்.
அவன் கண்ணாடியில் தன் ஓட்டையைப் பார்த்து,
சொன்னான் பாருங்கள்,
செ காற்றாய்ப் போய்விட்டது,
ழ மட்டும் சுத்தமாக நின்றது.

நர்ஸுக்கு ஒரு படிவம்.
காயத்தின் காரணம் என்று ஒரு கட்டம்.
வளர்ச்சி, என்று எழுதினேன்.
திருப்பி அனுப்பினார்கள்.

பல்லை டிஷ்யூவில் சுற்றி
ஸ்டேப்ளர் பின் டப்பாவில் வைத்தேன்,
பெல் அடிக்கும்போது கொடுத்துவிடலாம் என்று.
பெல் அடிக்கும்போது எனக்கு கேட் டியூட்டி.

இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்:
மிஸ் நாளைக்கு வெள்ளை சாக்ஸா, நீலமா?
மிஸ் என் பையன் டிபன் சாப்பிட்டானா?
மடியில் இன்னும் பதினேழு நோட்டு.
என் மகன் ஒரு பக்கம் வாசித்துக்காட்ட வந்தான்.
நாளைக்கு, என்றேன்.
எனக்குப் பொறுமை ஜாஸ்தி என்று
எல்லா அம்மாக்களும் சொல்கிறார்கள்.

மூன்று வாரம் போயிருக்கும்.
ஆபீஸ் வாசலில் செழியனின் அம்மா,
கையில் பாஸ்போர்ட் பை.
ரிஃபைனரியில் சாரம் கட்டும் கான்ட்ராக்ட்
முடிந்துவிட்டதாம்.
வியாழக்கிழமை ஃப்ளைட்.
"அங்க சேத்துப்பாங்களா மிஸ், வருஷ நடுவுல?"
சேர்ப்பார்கள், என்றேன், தெரியாமலே.
டிசி படிவத்தில்
நிலுவை ஏதுமில்லை என்ற இடத்தில்
என் கையெழுத்து.
மூன்றாம் பீரியட் ஓடிக்கொண்டிருந்தது,
உள்ளே யாரோ யாரையோ கிள்ளியிருந்தார்கள்,
ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர்.
கண்ணாடியோடு இருபது.
ஓவியங்களைக் கோக்கப் பின் தீர்ந்துபோய்
டப்பாவைக் கவிழ்த்தேன்.
பின்களோடு உருண்டது,
அரிசி அளவுகூட இல்லை.

"யாரோட பல்லு மிஸ்?"
என்று ஜெசிமா கேட்டு முடிப்பதற்குள்
பத்துப் பேரும் அவன் பெயரைக் கத்தினார்கள்.
நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள்.
மீதிப் பேருக்குச் செளியன்தான்.

நான் திருத்தவில்லை.
பின்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.